களி தின்ற உடம்புக்கும் சுகர் ஏன்? கர்ப்பகால இன்சுலின் எதிர்ப்பின் கணக்கு

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில், பென்னாகரம், அஞ்செட்டிப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் அடிக்கடி காதில் விழும் கேள்வி இது: "பொண்ணு அம்பது கிலோகூட இல்ல. ரெண்டு வேளையும் களிதான். அஞ்சாம் மாசம் வரைக்கும் காட்டு வேலைக்குப் போனா. இவளுக்கு எப்படிங்க சுகர் வரும்?" கேட்பவர் பெரும்பாலும் பெண்ணின் தாய். கேள்வியில் நியாயம் இருக்கிறது. சர்க்கரை நோய் என்றால் பருத்த உடம்புக்கு, உட்கார்ந்த வேலைக்கு, நாற்பது வயதுக்கு மேல் என்று பல காலமாகச் சொல்லிச் சொல்லி மனதில் பதிய வைத்தாயிற்று. கர்ப்பகாலச் சர்க்கரைக்கு அந்த மூன்றும் கட்டாயமில்லை.

குழப்பத்துக்குக் காரணம், இரண்டு விஷயங்களை ஒன்றாகப் போட்டுப் பேசுவதுதான். இன்சுலின் இருந்தும் உடல் அதற்கு முழுதாக இணங்காத நிலை, அதாவது இன்சுலின் எதிர்ப்பு, ஒன்று. அந்த எதிர்ப்பைச் சமாளிக்கும் அளவுக்குக் கணையம் இன்சுலின் சுரக்கிறதா என்பது இன்னொன்று. முதலாவது கர்ப்பிணிகள் எல்லாருக்கும் வரும், வரவும் வேண்டும். இரண்டாவதில் தவறுகிறவர்களுக்கு மட்டுமே ரத்தத்தில் சர்க்கரை ஏறுகிறது. மரபணு பெரும்பாலும் வேலை காட்டுவதும் இந்த இரண்டாவது இடத்தில்தான்.

நஞ்சுக்கொடி எப்படி எதிர்ப்பை உண்டாக்குகிறது

தசைச் செல்லின் மேல்பரப்பில் இன்சுலின் ஏற்பி இருக்கிறது. இன்சுலின் அதில் வந்து பொருந்தியதும் செல்லுக்குள் ஐஆர்எஸ்-1 என்ற புரதம் தூண்டப்படும். அது பிஐ3 கைனேஸ் என்ற நொதியை எழுப்பும். அதன் பிறகு, செல்லின் உள்ளே சிறு பைகளில் ஒதுங்கிக் கிடக்கும் குளுட்-4 என்ற கடத்திப் புரதம் மேல்பரப்புக்கு வந்து ரத்தத்திலுள்ள குளுக்கோஸை உள்ளே வாங்கும். சாப்பிட்டபின் ஏறிய சர்க்கரை இறங்குவது பெருமளவு இந்த வழியில்தான்.

கர்ப்பத்தில் இந்தச் சங்கிலி பல இடங்களில் தளர்கிறது. நஞ்சுக்கொடி சுரக்கும் வளர்ச்சி ஹார்மோன், பிஐ3 கைனேஸின் துணைப் பகுதியான பி85 என்ற துண்டைத் தசையில் மிகுதியாக்குகிறது. தனியாகத் திரியும் அந்தத் துண்டு ஐஆர்எஸ்-1இல் முழு நொதி உட்கார வேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. அதனால் இன்சுலின் வந்து தட்டினாலும் உள்ளே சேதி முழுதாகப் போய்ச் சேர்வதில்லை. டிஎன்எஃப்-ஆல்ஃபா என்ற அழற்சிப் புரதம் ஐஆர்எஸ்-1இன் தவறான இடத்தில் பாஸ்பேட்டை ஒட்டி அதை முடக்குகிறது. நஞ்சுக்கொடி லாக்டோஜன் என்ற ஹார்மோன் தாயின் கொழுப்பைக் கரைத்து ரத்தத்தில் கொழுப்பு அமிலங்களைக் கூட்டுகிறது. தசை குளுக்கோஸை விட்டுவிட்டுக் கொழுப்பை எரிக்கத் தொடங்குகிறது. புரோஜெஸ்டிரோன், கார்டிசால் என்ற ஹார்மோன்கள் இரண்டும் தங்கள் பங்குக்கு எதிர்ப்பைக் கூட்டுகின்றன. பல ஆண்டுகள் லாக்டோஜன் ஒன்றைத்தான் பாடப்புத்தகங்கள் குற்றவாளியாகக் காட்டின. 2002இல் வெளியான ஓர் ஆய்வில் தாயின் எதிர்ப்பு மாறுவதோடு மிக நெருக்கமாக ஒத்துப்போனது டிஎன்எஃப்-ஆல்ஃபாவின் அளவுதான். அதன்பின் அழற்சியின் பங்கும் பேசப்படுகிறது.

காலக்கணக்கு முக்கியம். முதல் மூன்று மாதத்தில் நிலைமை ஏறக்குறைய தலைகீழ்: இன்சுலின் நன்றாகவே வேலை செய்யும், தாய் கொழுப்பைச் சேமிப்பாள், வெறும் வயிற்றுச் சர்க்கரை கர்ப்பத்துக்கு முன்பிருந்ததைவிடக் குறையும். வாந்தியும் சேர்ந்தால் தலைசுற்றல் வரும். இருபது வாரத்துக்கு மேல், நஞ்சுக்கொடி பெருக்கப் பெருக்க, எதிர்ப்பும் ஏறும். கடைசி மாதங்களில் இன்சுலினுக்கு உடல் இணங்கும் அளவு பாதியாகவோ அதற்கும் கீழாகவோ விழுகிறது. அதை ஈடுகட்ட ஆரோக்கியமான பெண்ணின் கணையமே இரண்டு முதல் இரண்டரை மடங்கு இன்சுலின் சுரந்தாக வேண்டும். பரிசோதனையை 24 முதல் 28 வாரத்துக்குள் வைத்ததற்குக் காரணம் இந்த ஏற்றம்தான்.

ஏன் இப்படி ஓர் ஏற்பாடு? கருவின் முதன்மை எரிபொருள் குளுக்கோஸ். தாயின் தசைகள் அதை உடனுக்குடன் வாங்கிக்கொண்டால் கருவுக்குப் போய்ச் சேரும் அளவு குறையும். ஆகவே தாயைக் கொழுப்பு எரிக்க வைத்துவிட்டு, குளுக்கோஸை நஞ்சுக்கொடி வழியே பிள்ளைக்கு ஒதுக்குகிறது உடல். அமெரிக்க மருத்துவ ஆய்வாளர் நார்பர்ட் ஃப்ரைன்கெல் இதை 'வேகப்பட்ட பட்டினி' என்று அழைத்தார். கர்ப்பிணி இரவில் பன்னிரண்டு மணிநேரம் சாப்பிடாமல் இருந்தாலே, கொழுப்பு எரிவதால் உண்டாகும் கீட்டோன் என்ற பொருள் ரத்தத்தில் ஏறத் தொடங்கும். சுகர் என்று தெரிந்ததும் ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்திவிடும் வழக்கம் நம் பக்கம் உண்டு. அப்படிச் செய்தால் காலையில் சர்க்கரை எண் நன்றாக வரலாம். கீட்டோன் கூடியிருக்கும், பிள்ளைக்கு அது நல்லதல்ல.

நஞ்சுக்கொடியைக் குளுக்கோஸ் தாராளமாகக் கடக்கும்; தாயின் இன்சுலின் கடக்காது. 1950களில் டென்மார்க் மருத்துவர் யோர்கன் பெடர்சன் இதை வைத்துத்தான் பிள்ளைக்கு நேர்வதை விளக்கினார். தாயிடம் சர்க்கரை மிகுந்தால் கருவிலும் மிகும். கருவின் கணையம் தானே இன்சுலினைக் கொட்டும். இன்சுலின் கருவுக்கு வளர்ச்சி ஹார்மோன் போல வேலை செய்வதால் தோளிலும் வயிற்றிலும் கொழுப்பு சேரும், பிரசவத்தில் தோள் சிக்கும். தொப்புள்கொடி வெட்டியதும் சர்க்கரை வரத்து நின்றுவிடும். பழகிய இன்சுலின் நிற்காது. அதனால் பிறந்த முதல் மணிகளில் பிள்ளைக்குச் சர்க்கரை 45 மி.கி.க்குக் கீழே விழக்கூடும். ஒரு மணிநேரத்துக்குள் தாய்ப்பால் கொடுப்பதும், குதிகாலில் ஒரு துளி ரத்தம் எடுத்துப் பார்ப்பதும் இதற்காகத்தான்.

ஐம்பது கிலோ எதைக் காட்டாது

எடை மெஷின் மொத்த எடையைத்தான் காட்டும். அதில் தசை எவ்வளவு, வயிற்றுக்குள் ஈரல், குடல் சுற்றிய கொழுப்பு எவ்வளவு என்று காட்டாது. தெற்காசியருக்கு ஒரே எடையில் ஐரோப்பியரைவிடத் தசை குறைவு, உள்கொழுப்பு அதிகம். அதனால்தான் உயரத்தோடு எடையை ஒப்பிடும் உடல் நிறை எண்ணில் (பிஎம்ஐ) அதிக எடையின் எல்லை உலகத்துக்கு 25 என்றால் நமக்கு 23 என்று குறைத்து வைத்திருக்கிறார்கள். புனேயில் மருத்துவர் சி. எஸ். யாஜ்னிக் குழு காட்டியது இன்னும் வியப்பானது: ஆங்கிலேயக் குழந்தைகளைவிட இந்தியக் குழந்தைகள் பிறக்கும்போதே எடை குறைவு, ஆனால் தோலடிக் கொழுப்பு அந்த அளவுக்குக் குறையவில்லை. எடையில் மெலிவு, கொழுப்பில் பருமன்.

தாய் தன் தாயின் வயிற்றில் இருந்தபோது போதிய ஊட்டம் கிடைக்காமல் இரண்டு கிலோவில் பிறந்திருந்தால், கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்கள் முதலிலிருந்தே குறைவாக அமைந்திருக்க வாய்ப்புண்டு. பிரிட்டிஷ் மருத்துவ ஆய்வாளர் டேவிட் பார்க்கர் முன்வைத்த இந்தக் கருத்தை, 1944-45இன் டச்சுப் பஞ்சத்தில் கருவில் இருந்தவர்களைப் பின்தொடர்ந்த ஆய்வுகள் வலுப்படுத்தின. வறட்சியும் கூலிப் பிழைப்பும் தலைமுறைகளாகத் தெரிந்த தருமபுரி, கிருஷ்ணகிரிக் குடும்பங்களில் இன்றைய கர்ப்பிணியின் பிறப்பு எடையைக் கேட்டால் "சின்னதாத்தான் பொறந்தா" என்பார்கள். சாதாரண நாட்களில் அந்தச் சிறிய கணையம் போதும். இரண்டரை மடங்கு வேலை கேட்கும் ஏழாம் மாதத்தில் அது மூச்சு வாங்குகிறது. அம்மாவின் கேள்விக்குப் பாதிப் பதில் இது.

வைட்டமின் பி12 இன்னொரு கண்ணி. மைசூரில் கர்ப்பிணிகளைப் பின்தொடர்ந்த ஆய்வு, பி12 குறைந்த பெண்களிடம் உடல் பருமன், இன்சுலின் எதிர்ப்பு, கர்ப்பகாலச் சர்க்கரை மூன்றும் கூடுதலாக இருந்ததைக் காட்டியது. கேழ்வரகு, சாமை, கீரை, பயறு எதிலும் பி12 இல்லை. பால், தயிர், முட்டை, மீன், கறியில்தான் உண்டு. பாலைச் சொசைட்டிக்கு ஊற்றிவிட்டு வீட்டுக்குக் கால் லிட்டர்கூட வைக்காத வீடுகள் காவேரிப்பட்டணம், காரிமங்கலம் பக்கம் எத்தனையோ. இதைப் படித்துவிட்டு இரும்பு, ஃபோலிக் அமில மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. அதனோடு ஒரு டம்ளர் தயிரும் ஒரு முட்டையும் சேர வேண்டும் என்பதே சேதி.

கர்ப்பத்துக்கு முன்பே எதிர்ப்போடு வருகிறவர்கள் வேறு ரகம். சினைப்பை நீர்க்கட்டி, கழுத்தின் பின்புறம் கறுத்துத் தடித்த தோல், ஒழுங்கற்ற மாதவிலக்கு ஆகியவை அடையாளங்கள். ஓசூர்த் தொழிற்சாலைகளில் நின்றபடியோ உட்கார்ந்தபடியோ ஷிப்டு வேலை பார்த்து, ஹாஸ்டல் சாப்பாட்டில் நாலைந்து வருஷம் இருந்து கல்யாணமான பெண்களிடம் இந்த ரகத்தைக் கூடுதலாகப் பார்க்கலாம். இவர்களுக்கு முதல் பரிசோதனையிலேயே எண் எகிறும்.

மரபணு: "உங்க வீட்டு வம்சம்" என்பதற்கு முன்

கர்ப்பகாலச் சர்க்கரையோடு தொடர்புடையதாக உறுதிப்பட்ட மரபணு வேறுபாடுகளில் முன்னணியில் நிற்பவை டிசிஎஃப்7எல்2, எம்டிஎன்ஆர்1பி, ஜிசிகே, கேசிஎன்க்யூ1, சிடிகேஏஎல்1. பெயர்களை மறந்துவிடலாம். ஒரு விஷயத்தை மட்டும் கவனியுங்கள்: இவற்றில் பெரும்பாலானவை பீட்டா செல் எவ்வளவு, எப்போது இன்சுலின் சுரக்கும் என்பதோடு சம்பந்தப்பட்டவை, தசையின் எதிர்ப்போடு அல்ல. கர்ப்பத்தில் எதிர்ப்பு எப்படியும் வரும் என்பதால், ஈடுகொடுக்கும் திறனில் உள்ள சிறு குறைகூட அப்போது வெளியே தெரிந்துவிடுகிறது. வகை 2 சர்க்கரை நோயில் பேசப்படுபவையும் பெரும்பாலும் இதே மரபணுக்கள்தான். கர்ப்பத்தில் சுகர் வந்து போன பெண்ணுக்குப் பின்னாளில் நிரந்தரமாக வரும் வாய்ப்பு மற்றவரைவிட ஏழு முதல் பத்து மடங்கு என்பதன் வேர்களில் ஒன்று இங்கே.

எம்டிஎன்ஆர்1பி என்பது மெலடோனின் ஏற்பியின் மரபணு. இருட்டியபின் மூளை சுரக்கும் மெலடோனின், பீட்டா செல்லில் இந்த ஏற்பி வழியே இன்சுலின் சுரப்பைத் தணிக்கும். குறிப்பிட்ட வேறுபாடு உள்ளவர்களுக்கு இந்தத் தணிப்பு கூடுதல். ஸ்பெயினில் கர்ப்பிணி அல்லாத பெரியவர்களிடம் செய்த சோதனையில், தூங்கப்போகும் நேரத்தை ஒட்டிச் சாப்பிட்டபோது சர்க்கரை கூடுதலாக ஏறியது. இந்த வேறுபாடு உள்ளவர்களிடம் அது இன்னும் தெளிவாகத் தெரிந்தது. இரண்டாம் ஷிப்டு முடிந்து ராத்திரி பதினொன்றரைக்குச் சோறு சாப்பிட்டு அப்படியே படுக்கும் ஓசூர் வாழ்க்கைக்கு இதில் ஒரு குறிப்பு இருக்கிறது: முக்கியச் சாப்பாட்டை ஷிப்டு இடைவேளையில் முடித்துக்கொண்டு, வீடு திரும்பியதும் ஒரு டம்ளர் பாலோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

ஜிசிகே கதையே வேறு. மேலே சொன்ன பொதுவான வேறுபாடுகள் ஒவ்வொன்றும் ஆபத்தைக் கொஞ்சம்தான் கூட்டும். பல சேர்ந்தால்தான் தெரியும். ஜிசிகே மரபணுவில், தாயிடமிருந்து ஒன்றும் தகப்பனிடமிருந்து ஒன்றுமாக வரும் இரண்டு பிரதிகளில் ஒன்று கெட்டுப்போனால் அதுவே போதும். இந்த மரபணு தரும் குளுகோகைனேஸ் என்ற நொதிதான் பீட்டா செல்லுக்குச் சர்க்கரையை அளந்து சொல்லும் உணர்வி. அது மழுங்கினால், வெறும் வயிற்றுச் சர்க்கரை 100 முதல் 145 வரை ஒரே மட்டத்தில் வாழ்நாள் முழுக்க நிற்கும். ஏறாது, இறங்காது, பெரிதாகத் தொல்லையும் தராது. பலருக்குக் கர்ப்பத்தில் எடுக்கும் டெஸ்டில்தான் முதல்முதலாகத் தெரியவரும். 1998இல் பிரிட்டிஷ் மருத்துவர் ஆண்ட்ரூ ஹாட்டர்ஸ்லி குழு கண்டறிந்தது சுவையானது: தாயிடம் இந்தக் குறை இருந்து, கருவும் அதை வாங்கியிருந்தால், இரண்டும் ஈடாகிப் பிள்ளை சரியான எடையில் பிறக்கும். கரு வாங்காவிட்டால் தாயின் சர்க்கரையை மிகுதி என்று எண்ணி இன்சுலின் சுரந்து அரை கிலோவுக்கு மேல் கூடும். தாயிடம் குறை இல்லாமல் தகப்பன் வழியே கருவுக்கு மட்டும் வந்திருந்தால் அரை கிலோ குறையும். ஆகவே இவர்களுக்கு மருந்தை முடிவு செய்வது குளுக்கோமீட்டர் எண் அல்ல; ஸ்கேனில் பிள்ளையின் வயிற்றுச் சுற்றளவு.

இங்கே சொந்தத்தில் கல்யாணம் பற்றிச் சொல்லியாக வேண்டும். மாமன் மகள், அக்காள் மகள் கட்டுவது இந்த இரு மாவட்டங்களிலும் இன்றும் நடப்பது. பல மரபணுக்களின் கூட்டால் வரும் சாதாரணக் கர்ப்பகாலச் சர்க்கரையைச் சொந்தக் கல்யாணத்தின் தலையில் கட்ட முடியாது. ஜிசிகே போன்ற ஒற்றை மரபணுக் குறையில் விவகாரம் மாறும். இருவரும் ஒரே தாத்தாவிடமிருந்து அந்தக் கெட்ட பிரதியை வாங்கியிருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பில் இரண்டு கெட்ட பிரதிகள் சேரும். அந்தப் பிள்ளைக்குப் பிறந்த சில நாட்களிலிருந்தே நிரந்தரச் சர்க்கரை நோய், வாழ்நாள் முழுக்க இன்சுலின். குடும்பத்தில் மூன்று தலைமுறையில், ஒல்லியான இளவயதுக்காரர்களுக்கு "லேசா சுகர், மாத்திர போட்டாலும் அப்படியேதான், போடாட்டியும் அப்படியேதான்" என்ற கதை இருந்தால், அதைக் கல்யாணப் பேச்சுக்கு முன் மருத்துவரிடம் சொல்லுங்கள். இந்த ஒரு சூழலில் மரபணுப் பரிசோதனைக்குச் செலவழிப்பதில் அர்த்தம் இருக்கிறது. மற்றபடி எச்சிலை அனுப்பினால் சர்க்கரை ஜாதகம் கணித்துத் தருவதாக விளம்பரம் செய்யும் பாக்கெட்டுகள் வீண் செலவு. அவை எதைச் சொன்னாலும் கர்ப்பத்தில் செய்ய வேண்டியது மாறப்போவதில்லை.

இன்னொன்று, மாமியார்கள் கவனத்துக்கு. எதிர்ப்பை உண்டாக்கும் நஞ்சுக்கொடி வளர்வது தாயின் மரபணுவை மட்டும் வைத்து அல்ல. கருவின் மரபணுவை வைத்து. அதில் சரிபாதி உங்கள் மகனுடையது. கருவின் சில மரபணு வேறுபாடுகளுக்கும் தாயின் சர்க்கரைக்கும் தொடர்பு காட்டும் ஆய்வுகளும் உண்டு. "உங்க வீட்டு வம்சம்" என்று மருமகளைப் பார்த்து மட்டும் சொல்வது அறிவியலிலும் நிற்காது.

75 கிராம் சோதனை எங்கே தவறுகிறது

எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் சர்க்கரைப் பரிசோதனை என்பதை 2007இலேயே தமிழ்நாடு கொண்டுவந்தது. அதன் பின்னணியில் இருந்தவர் சென்னை மருத்துவர் வி. சேஷய்யா, அவர் பிறந்தநாளான மார்ச் 10 தேசியக் கர்ப்பகாலச் சர்க்கரை விழிப்புணர்வு நாளாகக் கொள்ளப்படுகிறது. அவர் வலியுறுத்திய முறையின் பலம், வெறும் வயிறு வேண்டாம் என்பது. சித்தேரி மலையிலிருந்தோ பெட்டமுகிலாளத்திலிருந்தோ விடியலில் கிளம்பி ஒரு பஸ், ஒரு ஷேர் ஆட்டோ மாறி வரும் பெண்ணைப் பட்டினியாக வா என்பது கொடுமை, சொன்னாலும் நடக்காது. பலவீனமும் உண்டு: வெறும் வயிற்றில் தொடங்கும் முழுப் பரிசோதனையோடு ஒப்பிட்டால் இது ஒரு பகுதியினரைத் தவறவிடுகிறது என்று சென்னையிலேயே நடந்த ஆய்வு காட்டியது. எல்லாருக்கும் எட்டும் ஒரு சோதனை, சிலருக்கு மட்டும் எட்டும் துல்லியச் சோதனையைவிட மேல் என்பது என் கணிப்பு.

முறை இது. 75 கிராம் குளுக்கோஸை 300 மி.லி. தண்ணீரில் கரைத்து, ஐந்து முதல் பத்து நிமிடத்துக்குள் குடிக்க வேண்டும். குடிக்கத் தொடங்கியதிலிருந்து சரியாக இரண்டு மணிநேரத்தில் ரத்தம். 140 மி.கி. அல்லது அதற்கு மேல் என்றால் கர்ப்பகாலச் சர்க்கரை. முதல் தடவை பதிவு செய்யும்போதே எடுக்க வேண்டும். 140க்குக் கீழ் என்றால் 24 முதல் 28 வாரத்தில் மறுபடி. இரண்டுக்கும் நடுவே நாலு வாரமாவது இடைவெளி வேண்டும். முதல் சோதனையில் நார்மல் என்றதும் இரண்டாவதை விட்டுவிடுவதுதான் நடப்பதிலேயே பெரிய தவறு. எதிர்ப்பு ஏறுவதே இருபது வாரத்துக்குப் பிறகு என்று மேலே பார்த்தோம்.

கோளாறு வரும் இடங்கள் பல. குளுக்கோஸ் தூளில் இரண்டு வகை: நீரற்றது 75 கிராம் போதும், ஒரு மூலக்கூறு நீர் சேர்ந்த வகை என்றால் 82.5 கிராம் எடுத்தால்தான் அதே அளவு. பாக்கெட்டில் எழுதியிருக்கும். கடையில் வாங்கும் டப்பாவிலிருந்து கரண்டிக் கணக்கில் போடுவது சோதனையே அல்ல. குடித்த அரை மணிக்குள் வாந்தி எடுத்தால் அன்று விட்டுவிட்டு மறுநாள் மீண்டும் செய்ய வேண்டும். அரை மணி கழித்து எடுத்தால் தொடரலாம். இரண்டு மணிநேரமும் உட்கார்ந்திருக்க வேண்டும். சந்தைக்கு ஒரு நடை போய்விட்டு வந்தால் எண் குறையும்.

விரல்நுனி இன்னொரு இடம். ஜூன் மாதம், மாங்காய் மண்டியில் தரம் பிரித்துவிட்டோ வீட்டில் பழம் அரிந்துவிட்டோ நேரே வரும் பெண்ணின் விரலில் கண்ணுக்குத் தெரியாமல் காய்ந்த பழச்சாறு இருக்கும். ஸ்பிரிட் பஞ்சால் ஒரு தடவு தடவினால் அது போகாது. முதல் துளி அந்தச் சர்க்கரையையும் கரைத்துக்கொண்டு ஸ்ட்ரிப்பில் ஏறும். 110 இருக்க வேண்டிய இடத்தில் 200க்கு மேல்கூடக் காட்டும். சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, பிறகு குத்த வேண்டும். கழுவ வழியில்லை என்றால் முதல் துளியைத் துடைத்துவிட்டு இரண்டாவதை எடுக்கலாம்.

முகாமில் நரம்பிலிருந்து ரத்தம் எடுத்து ஊருக்கு அனுப்பினால் நேர்மாறான பிழை. குழாயில் உள்ள ரத்தச் செல்கள் தாங்களே குளுக்கோஸைத் தின்னும். மணிக்கு 5 முதல் 7 சதவீதம் குறையும். 150 என்பது லேபுக்குப் போகும்போது 135 ஆகிவிடும், அறிக்கை நார்மல் என்று வரும். அதைத் தடுக்கத்தான் சோடியம் ஃப்ளூரைடு போட்ட சாம்பல் மூடிக் குழாய். ஃப்ளூரைடு என்றாலே நம்மூரில் கறைபடிந்த பல்லும், அதைத் தவிர்க்க வந்த ஒகேனக்கல் தண்ணீரும்தான் நினைவுக்கு வரும். அது உபகாரம் செய்யும் இடம் இது ஒன்று.

"மூணு மாச சுகர்" எனப்படும் எச்பிஏ1சி-யை வைத்துக் கர்ப்பகாலச் சர்க்கரை இல்லை என்று முடிவுகட்டக் கூடாது. கர்ப்பத்தில் சிவப்பணுக்களின் ஆயுள் குறைவதால் அது குறைவாகக் காட்டும். இரும்புச்சத்து குறைந்த சோகையில் கூடுதலாகக் காட்டும். சோகை இவ்வளவு பரவலாக உள்ள இடத்தில் இரண்டும் சேர்ந்து எந்தப் பக்கம் இழுக்கும் என்று சொல்ல முடியாது. முன்கூட்டிய பிரசவ அபாயத்தில் பிள்ளையின் நுரையீரலுக்காகப் போடும் ஸ்டீராய்டு ஊசிக்குப் பின் சில நாட்களுக்கு யாருக்கும் சர்க்கரை ஏறும்; அந்த வாரத்தில் புதிதாகச் சோதித்து நோய் முத்திரை குத்த வேண்டாம்.

களி, மாம்பழம், வெல்லம்

களி நல்லதுதான்; அளவு என்ற ஒன்று இருக்கிறது. 100 கிராம் கேழ்வரகு மாவில் மாவுச்சத்து 67 கிராம் அளவு, நார்ச்சத்து 11 கிராம். நம் பக்கம் களி கிளறும்போது அரிசி நொய்யும் போடுகிறோம். ஒரு பெரிய உருண்டைக்கு 100 கிராம் மாவும் 30 கிராம் நொய்யும் போனால், ஒரே வேளையில் 90 கிராம் மாவுச்சத்து. கர்ப்பகாலச் சர்க்கரையில் மதியத்துக்கு 45 முதல் 60 கிராம் போதும். ஆகவே நொய்யை விட்டுவிட்டு, 60 கிராம் மாவில் சிறிய உருண்டை. கூடவே கீரைக் கடைசலும் மொச்சைக் குழம்பும் முட்டையும். குழம்பைத் தொட்டு விழுங்காமல் தட்டில் பாதியாக இருக்கட்டும். கூழ் இன்னும் வேகமாக ரத்தத்தில் ஏறும். செம்பு நிறையக் குடிப்பதை விடலாம். காலையில் கார்டிசால் உச்சத்தில் இருப்பதால் எதிர்ப்பும் அப்போதுதான் மிகுதி. மாவுச்சத்தைக் காலையில் குறைத்து மதியத்துக்குத் தள்ளினால், அதே சாப்பாட்டுக்கு எண் இறங்குவதைப் பார்க்கலாம்.

பெங்களூரா மாம்பழம் ஒன்றில் சதைப்பகுதி 300 கிராம் என்று கொண்டால் சர்க்கரை 45 கிராம். இரண்டு கீற்று, சாப்பாட்டோடு சேர்க்காமல் இடைவேளையில், தினம் அல்லாமல் சாப்பிட்டால் தாங்கும். பழக்கூழ் ஜூஸ் கூடாது. வெல்லத்தைப் பற்றி ஒரு நம்பிக்கை இங்கே வேரோடியிருக்கிறது, பாலக்கோடு, கடத்தூர்ப் பக்கம் வெல்லம் காய்ச்சும் ஊர்களில் கேட்கவே வேண்டாம்: வெள்ளைச் சர்க்கரைதான் கெடுதல், வெல்லம் ஒன்றும் செய்யாது என்று. வெல்லத்திலும் பெரும்பகுதி சர்க்கரைதான். அங்கன்வாடி சத்துமாவில் வெல்லம் இருக்கிறது, மகப்பேறு ஊட்டச்சத்துப் பெட்டகத்தில் பேரீச்சம்பழம் இருக்கிறது. சுகர் உள்ள தாய் அவற்றை வாங்கி என்ன செய்வது என்று கிராம சுகாதாரச் செவிலியரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. வளைகாப்பு வருவதும் எதிர்ப்பு உச்சத்தை நெருங்கும் ஏழாம், ஒன்பதாம் மாதத்தில்தான். ஐந்து வகைச் சாதத்திலும் ஒரு வாய் எடுத்து வைத்தால் சாங்கியம் முடிந்தது.

காட்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவளை ஐந்தாம் மாதத்தில் "ரெஸ்டு எடு" என்று உட்கார வைக்கிறார்கள். எதிர்ப்பு ஏறத் தொடங்கும் நேரத்திலேயே தசைக்கு வேலை நின்றுபோகிறது. தசை சுருங்கும்போது, இன்சுலின் சங்கிலியின் தயவில்லாமலே, குளுட்-4 மேல்பரப்புக்கு வரும். மருத்துவர் வேண்டாம் என்று சொல்லாதவரை, ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பின்னும் பதினைந்து நிமிடம் வாசலில் நடந்தாலே பலன் இரண்டு மணிநேர எண்ணில் தெரியும்.

இலக்கு: வெறும் வயிற்றில் 95க்குக் கீழ், சாப்பிட்டு இரண்டு மணியில் 120க்குக் கீழ். இரண்டு வாரம் உணவிலும் நடையிலும் இது கைகூடாவிட்டால் மெட்ஃபார்மின் அல்லது இன்சுலின். மெட்ஃபார்மின் நஞ்சுக்கொடியைக் கடக்கும், இன்சுலின் கடக்காது. "இன்சுலின் போட்டா புள்ளைக்கு ஆகாது" என்ற பயம் அதனால் தலைகீழானது.

இன்சுலின் போடும் வீட்டில் சிரிஞ்சைப் பாருங்கள். அரசு மருத்துவமனையில் பெரும்பாலும் கிடைப்பது மில்லிக்கு 40 யூனிட் பாட்டில். அதற்குச் சிவப்பு மூடிச் சிரிஞ்சு. மருந்துக்கடையில் ஆரஞ்சு மூடி கொடுத்தால் அது 100 யூனிட் மருந்துக்கானது. அதில் 10 என்ற கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 4 யூனிட்தான். "ஊசி போட்டும் சுகர் எறங்கல" என்ற புகாரில் முதலில் பார்க்க வேண்டியது மூடியின் நிறம். பிரித்த பாட்டில் 30 டிகிரிக்குள் நாலு வாரம் தாங்கும். ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டில், ஈர மணல் பரப்பிய மண்பானைக்குள் ஒரு டப்பாவில் வைத்து மூடி, அடுப்படியிலிருந்து தள்ளி வைக்கலாம்.

நஞ்சுக்கொடி வெளியே வந்ததும் எதிர்ப்பும் போய்விடும். சில மணிநேரத்திலேயே இன்சுலின் தேவை சரியும். முந்தின நாள் அளவையே பிரசவத்துக்குப் பின்னும் போட்டால் சர்க்கரை ஆபத்தாக இறங்கும். பெரும்பாலோருக்கு ஊசி அன்றே நின்றுவிடும். அதோடு சுகர் ஃபைலை மூடிவிடுகிறார்கள், அங்கேதான் சிக்கல். ஆறாம் வாரத்தில் 75 கிராம் சோதனை மறுபடி வேண்டும். இந்தத் தடவை வெறும் வயிற்றில். பிள்ளைக்கு முதல் பென்டாவேலண்ட் தடுப்பூசியும் ஆறாம் வாரம்தான் என்பதால், முதல்நாள் இரவு எட்டு மணிக்குச் சாப்பாட்டை முடித்துவிட்டு ஊசிக்குப் போகும் காலையிலேயே தாயின் ரத்தத்தையும் கொடுத்துவிடலாம். வெறும் வயிற்றில் 126 அல்லது இரண்டு மணியில் 200 தொட்டால் நிரந்தரச் சர்க்கரை. இரண்டு மணியில் 140 முதல் 199 என்றால் எல்லைக்கோடு. அதற்குக் கீழ் என்றாலும் வருஷத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும், அடுத்த கர்ப்பம் உறுதியான வாரத்திலேயே மறுபடியும்.